எச்சிலும் துடக்கும்

அந்தச் சின்னக் குழாயை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டும். தபாலில் வந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. கோடு போட்ட இடம் வரைக்கும் எச்சில் துப்பி, மூடித் திருப்பி அனுப்பினால், யார் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்துச் சொல்லுவார்களாம்.

நான் பராமரித்த மேடத்துக்கு வாயில் எச்சிலே இல்லை. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தவர். அவர் குடிக்கிற மாத்திரை எல்லாம் வாயைக் காயவைக்கிற மாத்திரை. குழாயை உதட்டோடு பிடித்து, புளிப்புக்கு எச்சில் ஊறட்டும் என்று தேசிக்காய்த் துண்டை மூக்குக்குக் கிட்டக் காட்டி, கன்னத்தைத் தடவித் தடவி ஒரு காலை முழுக்க நின்றேன். நுரையாகக் கொஞ்சம் வந்தது. அதில் பாதி அவர் நாடியில் வழிந்தது, மீதியில் முக்கால்வாசி என் விரலில்.

மலமும் மூத்திரமும் துடைப்பதுதான் என் வேலை. அதில் எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. உடம்பு என்றால் அப்படித்தான். ஆனால் சொந்தத்துக்கு அத்தாட்சி கேட்டு ஒரு கிழவியைத் துப்ப வைப்பது எனக்கு அருவருத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது இவர், என் கணவர், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிற மனுஷன்.

"சாப்பிடேக்கை சொல்லுற கதையே இது?"

"என்ன முகம் சுருங்கியிருக்கெண்டு நீங்கள்தானே கேட்டியள்."

"எங்கட சனத்துக்கு உந்தக் குழாய் ஒண்டும் தேவையில்லை. கோயில் வாசல்லை ரெண்டு பேரைச் சந்திக்க விடு. தேத்தண்ணி ஆறமுதல் பூட்டன் வரைக்கும் பிடிச்சிடுங்கள்."

அவர் பகிடிக்குச் சொன்னார். அது என் மண்டைக்குள் போய் இருந்துவிட்டது.

மேடம் எங்கள் நகரத்தில் லாசால் பக்கம் ஓர் அப்பார்ட்மென்டில் தனியே இருந்தார். ஐரிஷ் ஆள். அவருடைய பூட்டன் சிறுவனாகத் தம்பியோடு கப்பலில் வந்தவராம். பஞ்சத்துக்குத் தப்பி ஓடிவந்த சனம். கப்பலிலேயே காய்ச்சல் பரவி, தாயும் தகப்பனும் கரையில் இறக்கின கையோடு செத்துப்போனார்கள். ஆற்றங்கரையில் குழி வெட்டிக் கூட்டமாகப் போட்டுவிட்டார்கள். பாலத்தடியில் அதற்கென்று ஒரு பெரிய கறுத்தக் கல் நிற்கிறது. தனித்துப்போன பெடியன்களில் மூத்தவனைக் கால்வாய்க் கரையில் ஓர் ஐரிஷ் வீடு எடுத்தது. இளையவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சு வீடு எடுத்தது. இருவருக்கும் குடும்பப் பெயரை மட்டும் எவரும் மாற்றவில்லை.

அதே பெயரோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு மனிதர் இருந்தார். பிரெஞ்சு மட்டும் பேசுகிறவர். மலையில் உள்ள மயானத்தில் அவர்களுடைய குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருந்தது. அதில் இன்னும் ஓர் ஆளைப் புதைக்க இடம் மிச்சம். மேடத்துக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அவருடைய தாயும் தகப்பனும் வாடகைக் குழியில் கிடந்தவர்கள். தவணை முடிந்ததும் அந்த நிலம் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. பிள்ளை குட்டியும் இல்லாத தன்னையும் பேரில்லாமல் கூட்டத்தோடு போட்டுவிடுவார்கள் என்பதுதான் அவருடைய பயம். சாவைப் பற்றி அவருக்குப் பயமே இல்லை.

தொலைபேசியில் கேட்டதற்கு லொங்குய்க்காரர், "சொந்தம் என்று நிரூபித்தால் பார்க்கலாம்" என்றாராம். ஆனால் குழாயில் துப்ப மாட்டேன் என்றுவிட்டார். ஒரு பக்கத்து எச்சிலை வைத்து என்ன செய்ய? ஆஸ்திரேலியாவில் யாரோ, பொஸ்டனில் யாரோ என்று பதில் வந்தது.

"இவையள் என்ரை செத்தவீட்டுக்கு வருவினமே?" என்று கேட்டார் மேடம். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் பேச்சில் எழுதுகிறேன். என் காதில் அவர் அப்படித்தான் கேட்டார்.

எனக்கு யோசனைக் குணம். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் யோசிக்கத்தான். அடுப்பை நிறுத்தினேனா என்று பஸ்ஸால் இறங்கித் திரும்பி ஓடுகிற ஆள் நான். மேடம் திடீரென்று செத்துவிட்டால் என்ன செய்வது என்று அவரைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஒருநாள் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் ஆட்கள் கேட்கிற மாதிரிக் கேட்டுப் பார்த்தேன்.

"மேடம், உங்கட அப்பா செத்தபோது வேற எந்த வீடுகள் துக்கம் காத்தது?"

எங்களில் ஒரு சாவு விழுந்தால் இரத்த உறவு வீடுகள் எல்லாவற்றுக்கும் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரைக்கும் கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் ஒன்றும் வைக்கக்கூடாது. இன்னார் இன்னாருக்குச் சொந்தமா என்று சந்தேகம் வந்தால், அந்தச் சாவுக்கு இவர்கள் துடக்குக் காத்தார்களா என்று விசாரிப்போம். குடும்பப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். துடக்கை யாரும் சும்மா வாங்கித் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

மேடம் கரண்டியைத் தள்ளிவிட்டு யோசித்தார்.

"ஆத்துக்கு அங்காலையிருந்து கொஞ்சப் பேர் வந்தவை. எல்லாரும் கறுப்பு. அதிலை ஒரு பெட்டை என்னைக் கோவமாய்ப் பாத்துக்கொண்டே இருந்தவள். அவளின்ரை கலியாணத்தை ஒரு வருசம் தள்ளிப் போட்டவையாம், என்ரை அப்பா செத்தபடியால். நான் சின்னப்பிள்ளை. என்னிலை ஏன் கோவம் எண்டு விளங்கேல்லை."

"அது துடக்குத்தான் மேடம்!" நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "வேற ஆக்களின்ரை சாவுக்கு ஆரும் கலியாணத்தைத் தள்ளுவினமே?"

சக்கர நாற்காலி ஏற்றுகிற வானில் லொங்குய்க்குப் போனோம். பாலத்தைக் கடக்கும்போது மேடம் கறுத்தக் கல் இருக்கிற பக்கம் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் சொல்ல வேண்டிய பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கியபடியே போனேன். போகிற வழியில் அவை பாதி மறந்தும் போயின.

நல்ல வீடு. புல் ஒரே மட்டமாக வெட்டியிருந்தது. கதவைத் திறந்த மனிதர் "போன்ஜூர்" சொல்லிவிட்டு, எங்களை வாசலிலேயே நிறுத்தி ஒரு துணியை என்னிடம் நீட்டினார். நாற்காலிச் சில்லைத் துடைத்துவிட்டு வரட்டாம். மழையும் இல்லை, சேறும் இல்லை. துடைத்தேன். மேடம் காலைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக இருந்தார்.

உள்ளே அவருடைய அக்கா கோப்பியோடும் பிஸ்கட்டோடும் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்தக் கல்யாணக் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்க முன்னமே அந்த மனுஷி கையைத் தட்டினார்.

"ஐயோ, அது எங்கட அம்மா! அப்பா வீட்டாக்கள் கறுப்பு உடுத்தபடியால் அம்மாவின்ரை கலியாணம்தான் தள்ளிப் போனது. சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டினவா. தைச்ச உடுப்பு ஒரு வருசம் அலுமாரிக்குள்ளை கிடந்து மஞ்சளாய்ப் போச்சாம்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிவந்திட்டுது மேடம்" என்றேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். எலும்பு குத்தியது.

அந்த அக்கா பிஸ்கட் தட்டை நீட்டியபடி, சிரிப்பு மாறாமல் கேட்டார்: "அப்ப நீங்கள் அந்த உடுப்புத் தோய்க்கிறவளின்ரை மகளோ?"

மேடத்துக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். "ஓம். என்ரை அம்மா ஊராற்றை உடுப்புத் தோய்ச்சவா" என்றார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தொண்டையைச் செருமினார்.

"நல்லது, சந்தேகம் தீர்ந்துது. உங்கட அப்பா எங்கட இரத்தம். அதுதான் கறுப்பு உடுத்தவை. ஆனா அவர் கட்டினது வேற சேர்ச்சிலை, வேற ஆக்களிலை. அவளின்ரை பக்கத்திலை ஒருத்தரும் எங்கட நிலத்துக்கை வரக்கூடாதெண்டு அப்பப்பா சொல்லி வைச்சவர். உங்கட அப்பாவையே விடேல்லை. நான் ஒண்டும் பிழையாய் நினைக்கிறேல்லை. குடும்பத்து வழக்கம்."

"இன்னொரு பிஸ்கட்?" என்றார் அக்கா.

அந்தத் தொனி எனக்குப் புதிதில்லை. கல்யாணம் பேசுகிற வீட்டில் டெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தணித்து, "அவையள் என்ன ஆக்கள்?" என்று கேட்கிற தொனி. பிரெஞ்சில் கேட்டாலும் அதே ஊத்தைதான். வாய்க்குள் இருந்த பிஸ்கட் சவர்க்காரம் மாதிரிக் கரைந்தது. விசாரித்து அறிந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் எப்படி நம்பினேன்? எங்கள் ஊரில் எவரும் சேர்ப்பதற்காக விசாரித்ததை நான் கண்டதேயில்லை. சொந்தமில்லாத ஒரு பிறத்தியாளாகவே மேடம் போய்க் கெஞ்சியிருந்தால், சிலவேளை அந்த இடத்தைக் கொடுத்திருப்பார்கள். நான்தான் துடக்கைக் கிண்டி அவரை அந்த வீட்டு ஆளாக்கி, அந்த வீட்டாலேயே தள்ளவும் வைத்தேன்.

வெளியே வந்து வானுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மேடம் கையை உயர்த்தினார். பூப்பாத்திக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். தலையைத் திருப்பினார். நான் வாந்தி என்று நினைத்துத் துணியைத் தேடினேன். வாந்தி இல்லை. நன்றாகத் திரட்டி, அந்த மட்டமான புல்லின் மேல் ஒரு துப்பல் துப்பினார். குழாய்க்கு வராத எச்சில் அவ்வளவும் அங்கே வந்தது. கதவடியில் நின்ற அக்காவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

வானுக்குள் ஏறியபின், "அதுகளோடை கிடக்க எனக்கு வேண்டாம்" என்றார். கொஞ்சத் தூரம் போய், "பிள்ளை, நான் செத்தா நீ அந்தத் துடக்குக் காப்பியோ?" என்று கேட்டார்.

என் புத்தி உடனே கோயில் தேருக்கும் மகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீட்டுக்கும் ஓடியது. "ஓம் மேடம்" என்றேன்.

"யோசிச்சுப்போட்டுச் சொல்லுறாய். நீ எதுக்குத்தான் யோசிக்கேல்லை?" என்று சிரித்தார்.

அடுத்த கோடையில் போய்விட்டார். எரித்து, சாம்பலை உறவில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பொதுப் பாத்தியில் போட்டார்கள். அவர் பயந்த மாதிரியே, பேரில்லாமல், கூட்டத்தோடு. மலையில் அந்த இடம், எனக்குத் தெரிந்த மட்டில், இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. நினைக்க நினைக்க எனக்குப் பற்றி எரிகிறது.

நான் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைக்கவில்லை. விளக்குக் கொளுத்தவில்லை. மகளின் சடங்கைத் தள்ளிப் போட்டேன். "வெள்ளைக்காரிக்குத் துடக்கோ? உனக்கென்ன விசரே?" என்று இவர் கத்தினார். கத்திவிட்டு, "சரி, அந்தப் பருப்பையே எனக்கும் விடு" என்று கோப்பையை நீட்டினார்.

தேர் முடிந்த கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கோயிலில் பழக்கமான ஒரு அக்கா பக்கத்தில் வந்தார்.

"என்ன, தேருக்குக் காணேல்லை?"

"துடக்கு அக்கா."

"ஐயோ, ஆர்?"

"நான் பாத்த ஒரு ஐரிஷ் மனுசி."

அவர் கிட்ட வந்தார். குரலைத் தணித்தார். "உங்கட பக்கத்திலை ஆரும் கலந்து கட்டினதோ? அவா உங்களுக்கு என்ன முறை? அவையள் என்ன ஆக்கள்?"

என் வாய் முழுக்க எச்சில் ஊறியது. கடைக்குள் நின்றபடியால் விழுங்கினேன்.