பஸ்ஸின் பின்பாதி

6-2-2016: பெண்கள் அணி, ஆண்டு ஒதுக்கீடு: 4,00,000
6-2-2016: ஆண்கள் அணி, ஆண்டு ஒதுக்கீடு: 1,10,00,000
20-2-2016: பஸ் வாடகை, ஆட்டம் ஒன்றுக்கு: 3,500
14-5-2016: கொக்கி, பலகை, திரைத்துணி, தண்ணீர்த் தொட்டி: 11,260
9-1-2023: லீக் நிதி, பெண்களுக்கு உடை மாற்றும் அறை கட்ட, கிளப் ஒன்றுக்கு: 18,00,000
3-4-2023: மேற்படி நிதியில் எங்கள் கிளப்புக்கு: 0

இதில் நான்காவது வரி நான் எழுதிவரும் கால்பந்து கிளப்பின் கணக்கில் இல்லை. அது பஸ் டிரைவரின் கைக்காசு. கடைசி வரியில் இருக்கும் பூஜ்யம் அந்த நான்காவது வரியால் வந்தது என்பதுதான் இதில் சங்கடமான விஷயம்.

டிரைவரை எல்லோரும் நாப்பது என்று கூப்பிடுவார்கள். அது வயதல்ல, வேகம். சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவருடைய பஸ்ஸில் முள் நாற்பதைத் தாண்டாது. ஒருமுறை வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள்காரர் பஸ்ஸை முந்திப் போனார். பின்சீட்டிலிருந்து கோல்கீப்பர், "அண்ணே, அவர்கிட்ட லிஃப்ட் கேளுங்கண்ணே, சீக்கிரம் போயிடலாம்" என்று கத்தினாள்.

"அது இறக்கம்மா. இறக்கத்துல யார் வேணா போவான்" என்றார் நாப்பது, கண்ணாடியைப் பார்க்காமலே.

அந்தக் கோல்கீப்பருக்கும் பட்டப்பெயர் உண்டு. வந்த பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவள் கோந்து.

நாப்பது அதற்கு முன் இருபத்தாறு வருடம் துணி ஆலையில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவர். ஓய்வுபெற்றபோது ஆலை அந்த பஸ்ஸை ஏலத்துக்கு விட்டது. "வேற எவன் கையிலயாவது போனா கிளட்ச்சைத் தேய்ச்சிடுவான்" என்று சொல்லி, ஓய்வுப் பணத்தில் பாதியைக் கொடுத்துத் தானே எடுத்துக்கொண்டார். அந்த வருடம்தான் கிளப் சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் அணியைத் தொடங்கியது. வண்டி தேவைப்பட்டது. அவர் கேட்ட வாடகைதான் இருப்பதிலேயே குறைவு.

எங்கள் மைதானத்தில் உடை மாற்றும் அறைகள் இரண்டு. ஒன்று ஆண்கள் அணியுடையது. அவர்களுடைய சாமான்கள் உள்ளே இருப்பதால் அது எப்போதும் பூட்டியிருக்கும். இன்னொன்றை, லீக் விதிப்படி, வந்து ஆடும் எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆக, வெளியூர்ப் பெண்களுக்கு அறை உண்டு, உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் பஸ்ஸில்தான் உடை மாற்றினார்கள். அந்த நேரம் முழுக்க நாப்பது கதவுக்கு வெளியே, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

முதல் பருவத்தில் ஒரு மழை நாள். ஆட்டம் முடிந்து எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால், பஸ்ஸின் தரையில் சேறும் ஈரத்துணி கிடந்த தடமுமாக இருந்தது. யாரோ ஒருத்தி தன் சட்டையைத் தொங்கவிட இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள், அது கிழிந்து ஒரு துண்டு அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் மறுநாள் கடைக்குப் போனார்.

பின்பாதி இருக்கைகளை எல்லாம் கழற்றினார். பக்கவாட்டில் பலகை பெஞ்சு போட்டார். ஆளுக்கொரு கொக்கி அடித்து, துணி கிழியாமல் இருக்க ஒவ்வொன்றின் முனையிலும் சைக்கிள் டியூபைச் சுற்றினார். குள்ளமான பெண்ணுக்குக் கொக்கி இரண்டு விரல் கீழே. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. கூரைமேல் கறுப்புப் பெயிண்ட் அடித்த தொட்டி. மத்தியான வெயிலில் அதில் தண்ணீர் சூடாகும். கடைசி மூலையில், திரைக்குப் பின்னால், அந்தத் தண்ணீர் ஒரு குழாயில் வரும்.

கழற்றிய இருக்கைகள் அவர் வீட்டுக் கூடத்துக்குப் போயின. சோபா இல்லாத வீட்டில் ஜோடி ஜோடியாக பஸ் சீட்டுகள், எல்லாம் டிவியைப் பார்த்து. அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வாய்ச்சொல்லில் கெட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும், "டிக்கெட் எடுத்துட்டு உட்காருங்க" என்பார்.

இப்படியே ஏழு வருடம் போயிற்று. அண்ணே என்று கூப்பிட்ட அணியில் புதிதாக வந்த சின்னப் பெண்கள் அவரை மாமா என்றார்கள்.

2023 ஜனவரியில் லீக் ஒரு நிதியை அறிவித்தது. அறை இல்லாத பெண்கள் அணிகளுக்கு அறை கட்டப் பதினெட்டு லட்சம். அதற்குமேல் கிளப் தன் பங்காக நாலரை லட்சம் போட வேண்டும். அறை உண்மையிலேயே இல்லையா என்று பார்க்க ஆய்வாளர் வருவார் என்றும் அறிவிப்பில் இருந்தது.

நாப்பதின் காதில் விழுந்தது ஒரு சொல்தான்: ஆய்வாளர். ஆலையில் ஆய்வாளர் வரும் நாளில் பஸ்ஸின் டயரைக்கூடக் கழுவி நிறுத்திப் பழகியவர். ஆய்வு நாளன்று விடியற்காலையிலேயே எழுந்து பெஞ்சைத் தேய்த்தார். திரைகளை மனைவி துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார். புது மிதியடி விரித்தார். நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டினார்.

கிளப் மேனேஜருக்கு அந்த நாலரை லட்சத்தின்மேல் வேறு கண் இருந்தது. ஆண்கள் ஆடும் பக்கத்துப் பார்வையாளர் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் ஆய்வாளர் அம்மாவை நேராக பஸ்ஸுக்குக் கூட்டிவந்தார்.

"பாருங்க மேடம். எங்க பொண்ணுங்களுக்கு நடமாடும் அறையே இருக்கு."

ஆய்வாளர் ஏறிப் பார்த்தார். கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்தார், வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது. அவர் முகத்தில் உண்மையான வியப்பு. "யார் செஞ்சது இது?"

"நான்தான் மேடம்" என்றார் நாப்பது. துடைக்கிற துணி இன்னும் அவர் கையில் இருந்தது.

ஆய்வாளர் காப்டன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது வசதியா இருக்கா?"

காப்டன் முதல் வருடத்திலிருந்து அணியில் இருப்பவள். அவள் நாப்பதைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி நின்றார். "இருக்கு மேடம்" என்றாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. தேவையான வசதி ஏற்கனவே இருப்பதால் நிதி இல்லை. மே மாதம் லீக்கின் ஆண்டு மலரில் பஸ்ஸின் வண்ணப்படம் முழுப்பக்கத்துக்கு வந்தது, "முன்மாதிரி ஏற்பாடு" என்ற தலைப்போடு. நாப்பது அந்தப் பக்கத்தை வெட்டிக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். வேறு இரண்டு கிளப்களிலிருந்து, இப்படி ஒரு பஸ் தயார் செய்ய எவ்வளவு ஆகும் என்று அவருக்கு போன் வந்தது. அளவு முதல் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த வாரம் காப்டனும் கோந்தும் அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

"டிக்கெட் எடுத்துட்டு உட்காருங்க" என்றார் மனைவி.

"பாஸ் இருக்குக்கா" என்று சொல்லிக் கோந்து ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். காப்டன் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வந்திருக்கில்ல?" என்றார் நாப்பது.

"நல்லா வந்திருக்குண்ணே. அதான் பிரச்சினை."

"என்னம்மா பிரச்சினை?"

காப்டன் கோந்தைத் திரும்பிப் பார்த்தாள். கோந்துதான் போட்டு உடைத்தாள். "பஸ் இருக்கு, அதனால ரூம் வேண்டாம்னு எழுதிட்டாங்கண்ணே. பதினெட்டு லட்சம் போச்சு."

"பஸ் நல்லா இருக்குன்னுதானேம்மா எழுதியிருக்காங்க?"

"அண்ணே, இருபத்திரண்டு பேர், ஒரே குழாய். கடைசியா போறவளுக்குப் பச்சத்தண்ணிதான். பாத்ரூம் கிடையாது. மாசத்துல அந்த நாள் வந்தா, ஒருத்தி திரைக்குப் பின்னாடி போவா, மத்தவங்க எல்லாம் சேர்ந்து சத்தமா பாட்டுப் பாடுவோம், அவளுக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னு. முட்டி வீங்கினவளைப் படுக்க வைக்க இடமில்லாம படியில உட்கார வச்சுக் கட்டுப் போடுறாங்க."

நாப்பது சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "பாட்டு கேட்டிருக்கேன். சந்தோஷமா இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லையேம்மா" என்றார்.

"தெரியும்ணே. அதனாலதான் அன்னைக்கு என்னால இல்லைன்னு சொல்ல முடியல" என்றாள் காப்டன்.

மறுபடி ஆய்வு செய்யச் சொல்லி அணி சார்பில் மேல்முறையீடு போடலாம், அதற்கு வழி இருக்கிறது என்று அவள் விளக்கினாள். ஆனால் பஸ் அப்படியே இருக்கும்வரை திரும்ப வருகிறவர்களும் அதே படத்தைத்தான் எடுப்பார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை, கேட்கவுமில்லை. கேட்காமலே எழுந்தாள்.

மனைவிதான் சொன்னார்: "சீட்டைக் கழட்டினவருக்கு மாட்டவும் தெரியும். என்ன, நாங்கதான் தரையில உட்காரணும்."

அடுத்த ஞாயிறு நாப்பது இருக்கைகளை எல்லாம் பஸ்ஸில் திரும்ப மாட்டினார். தொட்டி இறங்கியது. பெஞ்சுப் பலகையை உடைக்காமல் பரணில் வைத்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து ஒரு பெயிண்ட் டின்னில் போட்டார்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "என்னய்யா இது? யாரைக் கேட்டு மாத்தினே?"

"மாத்தலை சார். முதல்ல இருந்தமாதிரி வச்சிட்டேன். அக்ரிமெண்ட்ல பஸ்னுதானே இருக்கு? பஸ்ஸுன்னா சீட்டு இருக்கும்."

"கிண்டலா? அடுத்த வருஷம் வேற வண்டி பார்த்துக்குவோம்."

"பாருங்க சார். கிளட்ச்சை மட்டும் நல்லாப் பார்த்து எடுங்க."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, அந்தப் பருவம் அவருக்கு எளிதாக இல்லை. பெண்கள் பந்துகள் வைக்கும் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உடை மாற்றினார்கள். ஆட்டம் முடிந்து ஏறும்போது உடம்பெல்லாம் டீசல் வாடை. கதவாக இருந்தது ஒரு தகரம். அதை வெளியிலிருந்து அவரே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருநாள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண் எல்லோர் முன்னாலும் அவரிடம் வெடித்தாள்: "ரூமும் வரலை, இருந்ததும் போச்சு! உங்களை யார் மாமா இதைச் செய்யச் சொன்னது?"

அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது பெயிண்ட் டின்னும் திருப்புளியும் அவர் இருக்கைக்குக் கீழே இருந்தன. கோந்து பார்த்துவிட்டாள். டின்னைப் பிடுங்கிக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் அதன்மேல் ஒரு காலை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"குடும்மா. பாவம், சின்னப் பிள்ளைங்க."

"என் கைக்கு வந்தது போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வண்டியை எடுங்கண்ணே. நாப்பதுல போங்க."

2024 பிப்ரவரியில், ஓர் ஆட்ட நாளில், அணி போட்டிருந்த மேல்முறையீட்டின்பேரில் அதே ஆய்வாளர் வந்தார். இறங்கியதும் பஸ்ஸைத்தான் தேடினார். ஏறிப் பார்த்தால் முழுக்க இருக்கைகள்.

"அந்த ஏற்பாடு எங்கே?"

"எடுத்துட்டேன் மேடம். இது என் வண்டி, கிளப்போடது இல்லை. நாளைக்கு நான் போயிட்டா என் பையன் வித்துடுவான். ரூமை யாரும் வித்துட்டுப் போக மாட்டாங்க."

"பஸ்ஸுல அவங்களுக்கு என்ன குறை?"

"அது எனக்குத் தெரியாது மேடம். அவங்களைக் கேளுங்க" என்றார் நாப்பது. சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. மைதானத்தின் எதிர்க்கோடிக்கு நடந்துபோய், கோல் கம்பத்துக்குப் பின்னால், இந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் காப்டனைக் கேட்கிறேன்" என்றார் ஆய்வாளர்.

இந்தமுறை காப்டன் ஒன்றையும் விடவில்லை. தகரக் கதவையும் படியையும் பச்சத்தண்ணீரையும் சொன்னாள். அந்தப் பாட்டையும் சொன்னாள். ஆய்வாளர் எழுதிக்கொண்டே போனார், ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, "போன தடவை ஏன் சொல்லலை?" என்றார். காப்டன் எதிர்க்கோடியில் தெரிந்த முதுகைக் கைகாட்டினாள்.

மார்ச்சில் நாப்பதின் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் அதைப் புதுப்பிக்கவில்லை. அவர் ஒரு பிஸ்கட் கம்பெனியின் இரவு ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றப் போனார். அங்கே எல்லா இருக்கையும் வேண்டியிருந்தது. அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டுவிட்டு, "இப்பதான் வீடு ஒரு இடத்துல நிக்குது" என்றார். சுவரில் இருந்த படத்தை அவர்கள் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

ஜூனில் ஒரு மாலை கோந்து போன் செய்து, லீக்கின் கடிதத்தை அவருக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள். பதினெட்டு லட்சமும் உண்டு. கிளப் தன் பங்கை மூன்று மாதத்துக்குள் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அது ஆண்கள் அணிக்கு வரும் தொகையில் பிடிக்கப்படும். வரைபடமும் கூடவே வந்திருந்தது. மூன்று குளியலறை, இரண்டு கழிப்பறை, சிகிச்சைக்கு ஒரு கட்டில்.

"கொக்கி போட்டிருக்கா?" என்று கேட்டார் நாப்பது.

அவள் வரைபடத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இல்லைண்ணே. மறந்துட்டாங்க."

"டின்னு உங்கிட்டதானே இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு."

"தொலைச்சிடாதே. அந்தக் குள்ளப் பொண்ணுக்கு ரெண்டு விரல் கீழே அடிக்கணும்."

அந்தக் கடைசிக் கடிதம் கிளப்புக்கு வந்து சேர்ந்த தேதி 17-6-2024.