துளசி போட்டு வாறன் என்று சொன்ன இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஆமிக்கும் ஷெல்லுக்கும் பயந்தே பொழுது போய்விட்டது, பேய்க்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கனடாவுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறைக்குள் ஐந்து பேர் படுத்தோம், அங்கே பேய் வந்திருந்தாலும் கால் நீட்ட இடம் இருந்திருக்காது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் நித்திரை முழித்து வண்டி ஓடியிருப்பாய் என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள், நினையுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள். இன்னொன்று, இது இருட்டில் நடந்த கதை இல்லை. ஓகஸ்ட் மாதத்து வெயிலில், பட்டப்பகலில் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்மன்டனில் இருந்த என் மனைவி வசந்தியின் தம்பிக்குக் கலியாணம். விமானத்தில் போக வழியில்லாமல் நான் முழித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, மிசிசாகாவில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு வயதான வெள்ளைக்காரர் தன்னுடைய ஆர்.வி.யின் திறப்பை, அதாவது சாவியை, என் கையில் தந்தார். ஆர்.வி. என்றால் வீட்டு வண்டி, உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும், போகிற வழியில் காம்ப் கிரவுண்டுகளில் நிறுத்திப் படுக்கலாம். காம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் வசந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"ஆமிக் காம்பும் பாத்தாச்சு, அகதிக் காம்பும் பாத்தாச்சு. இனி நாங்களாத் தேடிப்போய் ஒரு காம்பில கிடக்கோணுமோ?" என்றாள்.

எங்கள் மகள் துளசிக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் பனிக்குள் ஓடினாள். காய்ச்சல் ஏறவிடக்கூடாது, ஏறினால் உடனே கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து வசந்தியின் கைப்பையில் தேர்மோமீற்றர் இல்லாத நாள் இல்லை.

போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, கலியாணமும் நல்லபடி முடிந்தது. திரும்பி வரும்போதுதான். சஸ்காச்சுவான் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களோ தெரியாது, மலை இல்லை, மரம் இல்லை, எங்கே பார்த்தாலும் கோதுமை வயல், றோட்டுகள் கொப்பியில் கோடு போட்டது போல நேர் நேராகப் போகும். எனக்கு அந்த வெளி முதல் நாளே பிடிக்கவில்லை, அவ்வளவு பெரிய இடத்தில் மூச்சு முட்டும் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு முட்டியது. இரண்டாம் நாள் பின்னேரம் பெற்றோல் நிரப்பிக்கொண்டு, பெருந்தெருவிலிருந்து இறங்கி, சரளைக்கல் றோட்டில் வடக்கே போய், ஒரு சின்னக் குளத்தடியில் இருந்த காம்ப் கிரவுண்டில் நிறுத்தினோம். எங்கள் வண்டியைத் தவிர வேறு வண்டி கிடையாது.

வாசலில் ஒரு கிழவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். விறகு கொண்டுவந்து தந்தார், தண்ணீர்க் குழாயைப் பூட்டித் தந்தார், துளசியைக் கூட்டிக்கொண்டு போய் நிலத்துக்குள் வளை தோண்டி இருக்கிற அணில் மாதிரிப் பிராணிகளைக் காட்டினார். இங்கே வருகிறவர்கள் ஒரு இரவு தங்குவார்கள், இரண்டாம் முறை யாரும் வந்ததில்லை என்று என்னிடம் சொன்னார். அதில் சோகம் ஒன்றும் தெரியவில்லை, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

விடிய எழும்பினால் துளசிக்கு உடம்பு சுட்டது. வசந்தி காய்ச்சலுக்குப் பாணி மருந்து கொடுத்தாள், போத்தலில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. நான் கிழவரிடம் விசாரித்தேன். நேரே தெற்கே பதினொரு கிலோமீற்றர் போனால் பெருந்தெரு, அதில் இடப்பக்கம் திரும்பிப் பத்துக் கிலோமீற்றர் போனால் ஆஸ்பத்திரி உள்ள ஊர் என்று வழி சொன்னார். எட்டு மணியிருக்கும், வெளிக்கிட்டோம்.

வண்டியில் ஏற முதல் வசந்தி பிள்ளையிடம், "அங்கிளுக்குச் சொல்லீட்டு ஏறு" என்றாள். துளசி "bye" என்றாள். அப்படி மொட்டையாகச் சொன்னால் வசந்திக்குப் பிடிக்காது, போட்டு வாறன் எண்டு சொல்லு என்று தமிழில் சொல்ல வைத்தாள். கிழவர் அது என்ன என்று என்னைக் கேட்டார். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. நாங்கள் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்ல மாட்டோம், அது திரும்பி வராதவர்களுக்குரிய சொல், 'போய்விட்டுத் திரும்பி வருகிறேன்' என்றுதான் சொல்வோம், பிள்ளை உங்களுக்கு அதைத்தான் சொல்கிறாள் என்று ஒரு சொல் விடாமல் இங்கிலிசில் விளக்கினேன். அது சும்மா ஒரு வழக்கம், யாரும் உடனே திரும்பி வருவதில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கிழவர் முழங்காலை ஊன்றி இருந்து, நிச்சயமாகவா என்று துளசியைக் கேட்டார். அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

தெற்கே ஓடினேன். அந்த றோட்டில் வளைவே இல்லை, நான் ஸ்டியரிங்கைத் திருப்பவும் இல்லை. கால் மணித்தியாலம் போயிருக்கும், வலப்பக்கம் ஒரு குளம் தெரிந்தது, பிறகு ஒரு பெயர்ப் பலகை, பிறகு வாசல், கதிரை, கிழவர். அவர் எழுந்து நின்று கை காட்டினார்.

"அதே இடமெல்லோ?" என்றாள் வசந்தி.

எங்கேயோ பிழையாகத் திரும்பிவிட்டேன் என்றேன். திரும்பவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுபடியும் தெற்கே விட்டேன், சூரியன் இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடினேன். மறுபடியும் குளம், பலகை, கிழவர். அடுத்த தடவை வடக்கே போனேன், அதற்கடுத்த தடவை முதல் சந்தியில் கிழக்கே திரும்பினேன், எல்லாம் அங்கேதான் கொண்டுவந்து விட்டது. ஒரு வீடு இல்லை, எதிரே ஒரு வாகனம் வரவில்லை, கையில் ஃபோன் இருக்கிற காலமும் இல்லை. ஒருமுறை நடுவழியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். சரளையில் எங்களுக்கு முன்னால் ஒரு சில்லுத் தடம் போயிருந்தது, பின்பக்கம் இரட்டைச் சில்லு உள்ள வண்டியின் தடம். எங்கள் வண்டிக்கும் பின்பக்கம் இரட்டைச் சில்லு. நான் இன்னும் ஓடாத பக்கத்தில் என் தடம் கிடந்தது. வசந்தியிடம் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

மத்தியானம் தாண்டிவிட்டது. வண்டி வெயிலில் கொதித்தது, யன்னலைத் திறந்தால் தூசி, பூட்டினால் வேக்காடு. வசந்தி துணியை நனைத்து நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள். தேர்மோமீற்றர் நூற்றிநாலு காட்டியது. துளசியின் கை லேசாக வெட்டி இழுத்தது. வலிப்புக்கு முதல் அப்படித்தான் இழுத்தது என்று எங்களுக்கு நினைவிருந்தது.

நான் வாசலில் வண்டியை நிறுத்திக் கிழவரிடம் கத்தினேன். எங்களை விடு, பிள்ளை சாகப்போகுது என்று கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. நான் ஒன்றும் பிடித்து வைக்கவில்லையே, வருவதாக அவள்தானே சொன்னாள், அதனால்தான் வாசலைப் பூட்டாமல் இருக்கிறேன் என்றார்.

வசந்திக்கு அப்போது இங்கிலிஸ் அவ்வளவு ஓடாது. "என்னவாம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கிழவரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலமை பிள்ளை சொன்னதை நீங்கள் அவருக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"போட்டுத் திரும்பி வருவன் எண்டு."

"அப்ப அந்தாள் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது" என்றாள். "பிள்ளை குடுத்த சொல்லைப் பிள்ளைதான் திருப்பி எடுக்கோணும்."

நான் வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "சரி, அப்ப போறன், வரமாட்டன் எண்டு பிள்ளை சொல்லட்டும்" என்றேன்.

வசந்தி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உடம்பு நெருப்பாக் கொதிக்குது. இந்த நேரத்தில இவளின்ர வாயால அந்தச் சொல்லோ? நான் விடமாட்டன்."

"வேற வழியிருந்தாச் சொல்லும், வசந்தி."

வேறு வழி இல்லை. அவள் அழுதாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். "நீங்களே கொண்டுபோய்ச் சொல்லுவியுங்கோ. என்ர காதில விழக்கூடாது" என்று சொல்லிவிட்டு, வண்டியின் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்தியபடி சத்தமாகத் தேவாரம் பாடத் தொடங்கினாள். அந்தச் சத்தம் வெளியே கேட்டது.

நான் துளசியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவரின் முன்னால் போய் நின்றேன். "அங்கிளுக்குப் போறன், இனி வரமாட்டன் எண்டு சொல்லம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். "அம்மா ஏசுவா."

"ஏசமாட்டா. சொல்லு, ராசாத்தி."

துளசி கிழவரைப் பார்த்து, இங்கிலிசில், தான் போவதாகவும் இனி வரப்போவதில்லை என்றும் சொன்னாள். கிழவரின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. துளசிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இளகிய மனசுக்காரி, யாராவது முகம் வாடினால் பொறுக்க மாட்டாள். அவள் கையை நீட்டி அவருடைய தோளைத் தொட்டு, "அம்மா வருவா" என்றாள். அதையும் இங்கிலிசில், அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள்.

எப்போது என்று கிழவர் கேட்டார். பிறகு என்றாள் துளசி.

அவர் என்னைப் பார்த்தார். நான் சம்மதிக்கிறேனா என்று பார்த்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லை, இது குழந்தைப் பேச்சு, இதைக் கணக்கில் எடுக்காதே என்று நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மறுபடியும் விடமாட்டாரோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வாசலிலிருந்து விலகி நின்றார்.

வண்டியை எடுத்ததும் வசந்தி வெளியே வந்தாள். "சொன்னவளோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் எதிரே ஒரு லொறி வந்தது. லொறியைப் பார்த்து அழுத ஆளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள், நான் அழுதேன். பத்து நிமிடத்தில் பெருந்தெரு, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. காதுக்குள் கிருமி, அதனால்தான் காய்ச்சல் என்றார்கள், மருந்து ஏற்றினார்கள், வலிப்பு வராமலே இறங்கிவிட்டது. முந்தின நாள் நிரப்பிய பெற்றோல் ராங்க் காலியாகி முள் சிவப்பில் நின்றது. அந்தக் கிழவரைப் பற்றி நேர்ஸிடம் விசாரித்தேன். அந்தக் காம்ப் கிரவுண்டில் ஆள் வைப்பதில்லையே, பெயரை எழுதிக் காசோடு போட ஒரு பெட்டி மட்டும்தானே இருக்கிறது என்றாள். அவளுக்கு என்னை விட வேறு வேலைகள் இருந்தன, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

துளசிக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, கலியாணம் முடித்து யூனியன்வில்லில் இருக்கிறாள். அந்தப் பயணத்தில் அவளுக்கு நினைவிருப்பது வளைக்குள் இருந்த அணில்கள் மட்டும்தான். வசந்தியும் நானும் அந்த நாளைப் பற்றிக் கதைப்பதில்லை. அவள் கேட்காதபடி காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள், நானும் சொல்லவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வசந்தியைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி எனக்கு ஒரு குற்ற உணர்வு, இவ்வளவு வருடமாகியும் போகவில்லை. எட்மன்டனுக்கு எத்தனையோ முறை போய்விட்டோம், எல்லாம் விமானத்தில்தான். றோட்டால் போகலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு நாரி நோ, அதுதான் இடுப்பு வலி, வந்துவிடும்.

போன மாதம் ஒரு நாள் காலை, வசந்தி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு அவள் இப்படித் திடீர் திடீரென்று ஏதாவது சொல்வாள், நான் பாதிதான் கேட்பேன்.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஒருக்கா அங்க போகோணும் போல கிடக்கு" என்றாள்.

"எங்க?" என்று கேட்டேன்.

அவள் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "அதுதான் தெரியேல்லை. ஆரோ என்னை வழி பாத்துக்கொண்டிருக்கினம் போல."

தேத்தண்ணி வேணும் என்று கேட்டுக் கதையை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, வண்டித் திறப்பை மட்டும் இரவில் என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறேன்.