பாட்டு போடும் பஸ்

போன மாதம் மாதவிடாய் வலியில் என் மகள் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்ற மருத்துவர், மாத்திரையோடு, வலிக்கும் நேரத்தில் பிடித்த பாட்டைக் கேட்டபடி படுத்திருக்கவும் சொன்னார். அவளும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்மூடிக் கிடக்கிறாள். மூச்சு சீராக வருகிறதா என்று நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அப்படி நின்றபோதுதான் சித்தியின் முகம் வந்தது.

அப்போது நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். எங்களோடு தங்கிக் கல்லூரியில் படித்த சித்தி, மாதத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போகமாட்டாள். திண்டிவனத்தில் தையற்காரரைப் பார்க்க வேண்டும் என்று என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கிளம்புவாள். பாட்டு போடும் ஒரு தனியார் பஸ்ஸில் மட்டுமே ஏறுவாள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்து, என்னை மடியில் இருத்தி வயிற்றோடு அழுத்திக்கொள்வாள். புல்லாங்குழலும் எஞ்சின் உறுமலும் ஒன்றாகக் கலந்து உடம்பெல்லாம் அதிரும். ஏரிகளும் பனைகளும் மிதந்து மிதந்து பின்னால் போகும். விக்கிரவாண்டிவரை இறுகியிருந்த அவள் கைகள், மயிலம் போகிற பாதை பிரியும் இடம் வருவதற்குள் தளர்ந்துவிடும். திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவோம். தையற்காரரை நான் பார்த்ததே இல்லை.

யாரோ பார்த்து மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, மாசா மாசம் அந்த பஸ்ஸுல இன்னாத்துக்கு போய்க்கினு வர்றா இவ? டிரைவரு சோக்கா இருக்கானாமே! படிச்சி கிழிச்சது போதும். ஜல்தியா ஒரு மாப்பிள்ளைய பாரு.”

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விசாரணை என்னிடம் வந்தது.

“பாப்பா, நெசத்த சொல்லு. சித்தி யார பாக்கறா?” என்றாள் அம்மா.

“யாரையும் பாக்கலம்மா. வயித்த புடிச்சிக்கினு அழுவறா. பாட்டு கேக்க கேக்க நின்னுடுது.”

“பாத்தியா? அழுவறாளாம்! லவ்வேதான்” என்று மாமா தொடையைத் தட்டினார்.

அம்மா சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமாவிடம், “அவ படிக்கட்டும். நீ காபிய குடிச்சிட்டு கெளம்பு” என்றாள்.

சில நாள் கழித்து, யாரிடமும் காரணம் சொல்லாமல், அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். சித்தி அவளை ஸ்பீக்கருக்குக் கீழே உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா உதட்டைக் கடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். என்னை யாரும் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி பொருமிக்கொண்டே வந்தேன். துணி துவைக்கும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுத்தறியாத அம்மாவுக்கு எதற்கு அந்த இடம்?