வேனில் கேட்ட பேச்சு

சிவபாண்டி பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். டிரைவருக்கும் காது உண்டு என்று பிள்ளைகள் நினைப்பதேயில்லை. வாத்தியாரைத் திட்டுவது, அம்மா அப்பா சண்டை, பரீட்சையில் பார்த்து எழுதியது எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் ஓடும். அவரும் கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் நாலேகாலுக்குப் பதினாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் சீட்டுக்கு நேர் பின்னால் பிளஸ் ஒன் படிக்கிற இசைவாணியும் அவள் தோழியும். இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டு வாரமா டியூஷனுக்கே வரலடி அவ."

"எப்படி வருவா? அந்தப் போட்டோ எல்லார் செல்லுலயும் இருக்கு."

"அது ஒட்டுன போட்டோன்னு பாத்தாலே தெரியுது. கூட நிக்கிற பையன் யாருன்னே ரோகிணிக்குத் தெரியாது."

சிவபாண்டி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரோகிணி அவருடைய மகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிம்மக்கல்லுக்கு டியூஷன் போய்வருகிறாள். போய்வருவதாகத்தான் இதுவரைக்கும் நினைத்திருந்தார்.

"வீட்ல சொல்ல வேண்டியதுதானடி?"

"அவங்க அப்பா வெட்டிப் போட்டுருவாராம். அதுக்குப் பயந்துதான் வாயே தெறக்கல. எனக்குப் பயமா இருக்குடி, ஏதாச்சும் பண்ணிக்கிருவாளோன்னு."

முன்னால் போன டவுன் பஸ் நின்றதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தார். பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

மூன்று நாளாக வயிற்று வலி என்று ரோகிணி பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறாள். கோரிப்பாளையத்தில் வேனை நிறுத்தி ஐந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு, செல்லை எடுத்து மகளுக்குப் போட்டார். சுவிட்ச் ஆஃப். மனைவி ஜெயக்கொடி பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறாள். டூட்டி முடிகிறவரை செல்லை லாக்கரில்தான் வைக்க வேண்டும். ஆனாலும் அவளுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, அந்த ரோகிணி இன்னிக்கு உங்கிட்டப் பேசுச்சா?"

இசைவாணி விழித்தாள். "எந்த ரோகிணிண்ணே?"

"நாந்தான் அவ அப்பா."

அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சீட்டில் பின்னால் நகர்ந்தாள். தன்னைப் பார்த்து ஒரு பிள்ளை இப்படி ஒடுங்கி அவர் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்மா. சொல்லு."

"மத்தியானம் அவ மெசேஜ் போட்டாண்ணே. இனிமே எனக்கு மெசேஜ் போடாத, நல்லாப் படின்னு மட்டும்..."

அதற்கு மேல் அவருக்குக் கேட்கவில்லை.

வேனில் இன்னும் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். நடுரோட்டில் விட்டுவிட்டு ஓட முடியாது. மேலூர் ரோட்டில் இருக்கிற தன் ஊருக்கு முக்கால் மணி நேரமாகும். எதிர்வீட்டு அழகம்மாள் மதினிக்குப் போன் போட்டால் ஒரு நிமிஷத்தில் போய்ப் பார்த்துவிடுவாள். போட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அந்த யோசனையிலேயே பாலத்தைத் தாண்டினார். சிம்மக்கல்லில் இரண்டு பிள்ளைகளை இறக்கினார். இறங்கிய பிள்ளை "டாட்டாண்ணே" என்று கையாட்டியது. எந்தத் தெருவுக்காக இம்புட்டு யோசிக்கிறோம் என்று தோன்றியது. போன் போட்டார்.

"மதினி, கொஞ்சம் எங்க வீட்டுக்குப் போயி ரோகிணிகூட இருங்க. வெரசாப் போங்க."

"என்ன தம்பி, என்னாச்சு?"

"போயிட்டுச் சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டும் சத்தம். "உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு தம்பி. கூப்புட்டா பதிலக் காணோம்."

வேன் ஓரமாக நின்றது. ஏழு பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். அவர் போனில் கத்தினார். "தட்டுங்க மதினி. ஆளக் கூப்பிட்டு ஒடைங்க. தட்டுங்க."

போன வருஷம் பக்கத்துத் தெரு தமிழ்வாணி யாருடனோ போய்க் கல்யாணம் செய்துகொண்டபோது, சிவபாண்டி வீட்டு வாசலில் பத்துப் பேர் கூடிப் பேசினார்கள். "எம்மக இப்படிச் செஞ்சிருந்தா கண்டதுண்டமா வெட்டிருப்பேன்" என்று சொன்னவர் இவர். ஆம்பளைகள் நாலு பேர் இருக்கிற இடத்தில் எல்லாரும் சொல்வதுதான், இவரும் சொன்னார். ரோகிணி எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் அழகம்மாள். "உள்ள அழுகுற சத்தம் கேக்குதுப்பா."

மகள் அழுகிறாள் என்று கேட்டு ஒரு தகப்பனுக்கு உயிர் வரும் என்று அவர் நினைத்ததில்லை. "அங்கனயே இருங்க மதினி. பேசிக்கிட்டே இருங்க. வந்துர்றேன்."

மிச்சப் பிள்ளைகளை எப்படி இறக்கினார், எந்தச் சிக்னலில் நின்றார் என்பது இன்றைக்கும் ஞாபகமில்லை.

வீட்டு வாசலில் நாலைந்து பொம்பளைகள் நின்றார்கள். சிவபாண்டி கதவில் கை வைத்ததும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அத்தே, அப்பாவப் போகச் சொல்லுங்க. அப்பா இருந்தாத் தெறக்க மாட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோகிணி, போட்டோ விஷயம் எனக்குத் தெரியும்த்தா. நீ ஒண்ணும் பண்ணலன்னும் தெரியும்."

கதவில் சாய்ந்துகொண்டார்.

"நான் அன்னிக்குப் பேசினது கேணத்தனம். உம்மேல கை வைக்க மாட்டேன். உங்கம்மா மேல சத்தியம்."

உள்ளேயிருந்து கேட்டாள். "நெசமாவே நான் பண்ணிருந்தா?"

வாசலில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கதவைப் பார்த்தே சொன்னார்.

"பண்ணிருந்தாலும் வைக்க மாட்டேன்."

தாழ்ப்பாள் விலகியது. பிள்ளை பாதியாக இளைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை அவர் பார்க்கவில்லை. அவள் அப்பா பக்கம் வராமல் அழகம்மாள் தோளில் போய்ச் சாய்ந்தாள்.

மறுநாள் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள், அந்தப் போட்டோவைப் போட்டிருந்த இன்டர்நெட் பக்கம் காணாமல் போனது. அதற்குள் எத்தனை செல்லில் ஏறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். போட்டோவை ஒட்டிப் பரப்பியவன் அதே டியூஷனில் படிக்கிறவன். ரோகிணி அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அவனுக்குக் கோபமாம். ஜெயக்கொடி தன் ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரிடம் மகளை வாராவாரம் கூட்டிப்போகிறாள்.

சிவபாண்டியின் அண்ணன் சோலை போன் போட்டார். "என்னடா, பிள்ளையச் செல்லுல பாத்ததா ஊரே பேசுது. படிப்ப நிறுத்தி வீட்ல ஒக்கார வை."

"அவ ஒரு தப்பும் பண்ணலண்ணே. திங்கக்கெழமை ஸ்கூலுக்குப் போறா."

"அம்புட்டுத் திமிரா ஒனக்கு?"

சிவபாண்டி போனை வைத்தவர்தான், இன்றுவரை அண்ணன் வீட்டோடு பேச்சில்லை.

ரோகிணி இப்போது சாப்பிடுகிறாள். தம்பியோடு சண்டை போடுகிறாள். ஆனாலும் குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானால் சிவபாண்டி எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். கூப்பிட மாட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார்.