ஆபீசர் வருமுன் அடித்த பெயிண்ட்

நெய்வேலிச் சுரங்கத்தில் நான் காண்ட்ராக்ட் ஆள். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே எங்களைக் கூப்பிடுவார்கள். இரும்புத் தூண்களின் துருவைக் கிரைண்டரால் சுரண்டி, மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். கைக்குப் பழகிப்போன வேலை.

சுரங்க விரிவாக்கத்துக்கு எங்கள் ஊரை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஊர்க்கோடியில் ஒரு சிவன் கோயில். அதன் அடிவரிசைக் கல் முழுக்கப் பழைய எழுத்து. அதை அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பதிவு செய்துவிட்டால் சுற்றிலும் தோண்ட விடமாட்டார்கள், பாதி ஊராவது தப்பும் என்றார்கள். மனுமேல் மனுவாக எழுதினேன். ஒருவழியாகத் தொல்லியல் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது.

பாசியும் எண்ணெய்ப் பிசுக்குமாகவா காட்டுவது? நாங்கள் நன்றாகப் பராமரிக்கிறோம் என்று தெரிந்தால்தானே பதிவு செய்வார்கள்? என் ஷிப்ட் ஆட்கள் மூன்று பேரும் நானும் லீவு போட்டுவிட்டு, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தோம். பிசுக்கு போகாத இடத்தில் கல்லை அறுக்கும் தட்டையே மாட்டினேன். பிறகு சந்தன நிறத்தில் இரண்டு கோட்டிங். கோயில் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கோயிலைச் சுற்றி வந்து, குனிந்து கல்லைத் தடவினார்.

“எழுத்து எங்கேங்க?”

“இங்கதாம்மா இருந்திச்சி. நீங்க வர்றீங்கன்னுதான் க்ளீன் பண்ணி வெச்சிருக்கோம்.”

“யார்கிட்டயாவது போட்டோ இருக்கா?” என்று மட்டும் கேட்டார். என் போனில் கோயில் திருவிழாப் படங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் எங்கள் மூஞ்சிதான் இருந்தது.

பதிவு செய்யும் அளவுக்குப் பழமை எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பொய்யா எழுதினார்?

ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். எதிரே நின்று நாலு அறை விட்டிருக்கலாம்.

மாற்றுக் குடியிருப்புக்கு வந்தபோது, புது வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் வாங்கக் கிளம்பினேன்.

“எதுக்குங்க? கோயிலுக்கு வாங்கினதுல அரை டப்பா கெடக்குதே,” என்றாள் மனைவி.

அதைத்தான் அடித்தேன். தினமும் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போகிறேன். எங்கள் ஊர் இருந்த இடத்தில்தான் இப்போது எனக்கு வேலை.