விஜயதசமிக்கு நான் அழித்த படம்

திருமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன் காலையிலேயே போன் செய்தான். "மாப்ள, நம்ம வெப்சைட்டக் கொஞ்சம் தொறந்து பாரு. ஒரு கல்யாணப் போட்டோ என்னமோ மாதிரி வருது."

பழங்காநத்தத்தில் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து கடைக்காரர்களின் வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அவன் எடுக்கும் படங்களெல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன.

திறந்தேன். மேலே மணமேடைப் பூ அலங்காரம் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே, ஆட்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறம். அப்பா மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கும் படம் அது. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார்; அந்தத் துக்கத்தில் ஆல்பம்கூடப் போடாமல் விட்டிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷத் திதி. அந்தப் படத்தைத்தான் பெரிதாக பிரேம் போட்டுத் தரச் சொல்லியிருந்தாள் மகள். அந்த நேரத்தில் எடுத்த மற்ற படங்களிலெல்லாம் புரோகிதரின் முதுகுதான் தெரிந்தது.

"கேமரா கார்டுல இருக்கும்ல?"

"அத அப்பவே அழிச்சுட்டேனே மாப்ள. சர்வர்ல போட்டாப் பத்திரம்னு நீதான சொன்ன?"

சொன்னேன். நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஃபைலின் அளவு மாறவில்லை, தேதி மாறவில்லை. படமும் கம்ப்யூட்டருக்கு எழுத்து வரிசைதான்; சர்வரின் டிஸ்க்கில் எங்கேயோ அதில் நாலு எழுத்து தானாகப் பிறழ்ந்திருக்கிறது; ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "சர்வர் நல்லா ஓடிட்டிருக்கு சார்" என்றாள் அங்கே இருந்த பெண், கடைசிவரை மரியாதையோடு. அவர்களிடம் முப்பது நாள் நகல்கள் இருந்தன. முப்பதிலும் அதே சாம்பல்.

மிச்சம் இருந்தது என் ஹார்ட் டிஸ்க். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைப்பது என் வழக்கம். மறுநாள் விஜயதசமி. பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிப்பதுபோல, நானும் பழைய நகலைச் சுத்தமாக அழித்துவிட்டு, எல்லா வெப்சைட்டையும் சர்வரிலிருந்து புதிதாக எழுதுவேன். போன வருஷம் எழுதியதில் அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் அதை அழித்துவிட்டு, கெட்டுப்போனதை பயபக்தியோடு எழுதி வைத்திருக்கிறேன். அட முட்டாப் பயலே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வழி தெரியாதவனும் இல்லை நான். ஒவ்வொரு ஃபைலையும் படித்து அதற்கென்று ஓர் அடையாள எண் எடுத்து வைக்கலாம். ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் எண் மாறிவிடும். அழிக்கும் முன் பழைய எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் போதும். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே ஓட்டிவிட்டேன்.

"சர்வர்காரன் மேல பழியப் போட்ருவோம் மாப்ள. அந்தப் புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?" என்றான் நண்பன். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு பைக்கில் போகும்போது, அதைத்தான் நானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டூடியோவில் என்னைப் பார்த்துப் பழகியவள்; கதவைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "வாங்கண்ணே, போட்டோ கொண்டாந்தீங்களா?"

பொய் வாயில் வரவில்லை. "இல்லம்மா. கெட்டுப்போச்சு. நல்லா இருந்த ஒரே காப்பியையும் நாந்தான் அழிச்சுட்டேன்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்ககிட்ட மொத்தம் எம்புட்டு போட்டோண்ணே இருக்கும்?"

"பத்தாயிரத்துக்கு மேல இருக்கும்மா."

"மத்தவங்க வீட்டு அப்பாக்கள்லாம் நல்லா இருக்காங்களான்னு பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கலம்மா."

"அப்ப எதுக்குண்ணே இங்க நின்னுக்கிட்டிருக்கீங்க?" என்றாள்.