பல் செட்டு எட்வினும் தலைகுனிந்த கப்பல்களும்

செவ்வாய்க்கிழமை காலை என் போன் திருத்தும் கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் எதிர்ப்பக்கத்துத் துணிக்கடையிலிருந்து நஸீர் நானா சாலையைக் கடந்து வந்தார். முதல் வியாபாரம் ஆகும்வரை கல்லாவை விட்டு அசையாத மனிதர் அவர். வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எட்வின் போயிட்டான்பா," என்றார். "விடியக்காலையில. அவன் சம்சாரம் மேரி இப்பத்தான் போன்ல கோல் எடுத்துச் சொல்லுச்சு."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நானா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, தானும் மூக்கைச் சிந்தினார்.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார்கள். அந்த முறைப்படி எழுதினால் இந்தக் கட்டுரை இந்த வரியோடு முடிந்துவிடும். எட்வின் அண்ணன் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் அன்று சோறு சாப்பிட மாட்டார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே ஒடுக்கமான ஒரு கடையில் பல் செட்டுக் கட்டிக்கொடுத்தார். லிந்துலை முதல் கினிகத்தேனை வரை எத்தனையோ பேர் இன்றும் அவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். அது ஊருக்குத் தெரியும். அவர் உயிரை வைத்திருந்தது வேறொன்றில். மேசையில் வைத்து விளையாடும் சின்னச் சின்ன விண்கலங்களுக்கு அவர் ஸ்டாண்டு செய்தார்.

நானாவின் மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அது. விரல் நீளத்தில், உள்ளங்கை அகலத்தில் கப்பல்கள். தாயக்கட்டை உருட்டி, அளந்து நகர்த்திச் சண்டை போட வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் துணிக்கடை மேல்மாடியில் கூடுவோம். வளர்ந்த ஆட்களுக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கேரம் அடிப்பவர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பறக்கிற கப்பல் மேசையில் வயிறு தேய்த்துக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்? அதற்குத்தான் ஸ்டாண்டு. நான் முதன்முதலாக ஒரு சைக்கிள் கம்பியை வெட்டி, தகரத்தில் ஒட்டி, அதன் மேல் என் கப்பலை வைத்துக் கொண்டுபோனேன். எட்வின் அண்ணன் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"என்னய்யா இது? ஈர்க்குல கொச்சிக்காயைக் குத்திக் கொண்டாந்திருக்க! விளையாட வந்தியா, திருஷ்டி கழிக்க வந்தியா?"

மாடியே சிரித்தது. அவர் கம்பியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். கப்பலை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். இன்னோரிடத்தில் கட்டிப் பார்த்தார். பிறகு வயிற்றில் ஒரு புள்ளி வைத்தார். "பாரம் இங்க இருக்கு. நீ குத்துனது வாலுல. மனுசனைக் காதுல தூக்கி நிறுத்துவியா?"

அடுத்த போயாவுக்கு ஸ்டாண்டு தயாராக இருந்தது. கையில் கிடைத்த பொருளில் செய்திருந்தார். அதாவது பல் செட்டுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில். என் போர்க்கப்பல் யாரோ ஒருவருடைய ஈறின் மேல் பறந்தது. ஆனால் இம்மியும் ஆடவில்லை. பின்னால் கண்ணாடி போன்ற பொருள் வரவழைத்து, தண்டு இருப்பதே தெரியாத ஸ்டாண்டுகள் செய்தார். "ஸ்டாண்டு கண்ணுல பட்டுச்சுன்னா செஞ்சவன் தோத்தான்," என்பார்.

இந்தப் பைத்தியத்துக்கு மற்றவர்கள் விலை கொடுத்தார்கள். கினிகத்தேனைக் கடை முதலாளி ஒருவர் மகளின் கல்யாணத்துக்காக முன்பல் கட்டக் கொடுத்திருந்தார். அந்த வாரம் நானாவின் பெரிய கப்பலுக்கு ஸ்டாண்டு வேலை. முதலாளி கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல்யாணம் மகளுக்குத்தானே? நீங்க வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. அதுதான் குடும்பத்துக்கும் நல்லது." அந்தக் கல்யாண ஆல்பம் முழுக்க, பெண்ணைப் பெற்றவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரேயோர் ஆசை இருந்தது. கொழும்பில் வருடாவருடம் இத்தகைய மாதிரிகளுக்கு ஒரு கண்காட்சி நடக்கும். அதில் தன் ஸ்டாண்டில் நிற்கிற கப்பலுக்குப் பரிசு வாங்க வேண்டும். போன வருடம் எங்கள் மூவரின் கப்பல்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரயிலேறினோம்.

கப்பல்களைக் கழற்றி விளையாடவும் வேண்டும் என்பதால் அவர் பசை போடவில்லை. காந்தம் வைக்கலாமே என்றேன். "காந்தம் சோம்பேறிக்கு," என்று முடித்துவிட்டார். பல் வேலையில் பயன்படுகிற ஒட்டு மெழுகைத் தண்டின் நுனியில் தொட்டுவைத்திருந்தார். எங்கள் குளிரில் அந்த மெழுகு கல். வருடக்கணக்காகப் போட்டு ஒரு கப்பல்கூட அசைந்ததில்லை. கொழும்பில் வெயில் என்று ஒன்று இருப்பது கம்பளி போட்டுப் பழகிய எங்கள் மூன்று பேர் புத்தியிலும் ஏறவில்லை.

மதியம் தாண்டியதும் முதல் கப்பல் மூக்கைத் தாழ்த்தியது. பிறகு அடுத்தது. நடுவர்கள் எங்கள் மேசைக்கு வந்தபோது மொத்தக் கடற்படையும் தலைகுனிந்து நின்றது. எட்வின் அண்ணன் தானே வருடக்கணக்கில் செதுக்கிய கப்பல் குப்புற விழுந்தது. "கப்பலுக்குத் தூக்கம் வருது மச்சான்!" என்று நாலைந்து இளைஞர்கள் போனில் படம் எடுத்தார்கள். உலகத்தையே திட்டிய வாய் அன்று திறக்கவில்லை. அவர் விழுந்த கப்பலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் ஏறினோம். வட்டவளை தாண்டி, றொசல்லயில் பனி உள்ளே வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு கப்பலைத் தண்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். "இப்ப ஒட்டுது பாரு, சனியன்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் ஹட்டன் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதங்களில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வருடக்கணக்காக வாயை மூடாமல் பிளாஸ்டிக்கைத் தேய்த்து ராவிய தூசெல்லாம் நெஞ்சில் படிந்திருக்கிறது என்றார் டொக்டர். இனி ராவவே கூடாது என்றார். மேரி அக்கா ராவுகிற இயந்திரத்தைத் தூக்கி அரிசி டின்னுக்குள் ஒளித்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, கொழும்பில் விழுந்த கப்பலுக்குப் புது ஸ்டாண்டு ஒன்றைக் கையால் ராவினார். பித்தளைத் தண்டு, கப்பலின் வயிற்றில் அதற்கென்று துளைத்த குழி. மெழுகு இல்லை, பசை இல்லை, இறுக்கம் மட்டும்.

"இந்தக் கம்பி உங்களைக் கொன்னுரும்," என்றார் அக்கா ஒருநாள், நான் இருக்கும்போதே.

"நீ செத்தா உனக்கும் ஒரு ஸ்டாண்டு செஞ்சு நடு வீட்டுல நிறுத்துறேன், போ."

"நான் எங்க சாகுறது? நீங்கதான் சாகப் போறீங்க. வாயை மூடிக்கிட்டு மருந்தைக் குடிங்க."

அவர் குடித்தார். அக்கா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார். இருவரும் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள்.

வேலை முடிந்ததும், கப்பலோடு ஸ்டாண்டைப் பேக்கரிப் போறணை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைக்கச் சொன்னார். வைத்தோம். பாண் வெந்தது, கப்பல் அசையவில்லை. அவரால் மட்டும் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கடந்த சனிக்கிழமை நானும் நானாவும் கப்பலை இந்த வருடக் கண்காட்சிக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிற வழியில் நானாதான் சொன்னார். "இங்க பாரு, வெறுங்கையோட போய் நிக்க என்னால ஏலாது. மொதப் பரிசுன்னா நம்ப மாட்டான். மூணாவதுன்னா அங்கேயே செத்துருவான். ரெண்டாவதுன்னு சொல்லுவோம்."

சொன்னார். எட்வின் அண்ணன் ஒக்சிஜன் முகமூடியை இழுத்துக் கீழே விட்டார். சந்தோஷப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம். அத்தனை வருடம் பழகியும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

"அப்ப மொதப் பரிசு எவனுக்கு?"

நானா திணறினார். "யாரோ... கொழும்புப் பையன் ஒருத்தன்."

"ஸ்டாண்டு எதுல செஞ்சிருந்தான்?"

துணியைத் தவிர ஒன்றும் தெரியாத மனிதர் நானா. "கண்ணாடியில," என்றார்.

"கண்ணாடியா! கண்ணாடியில துளை போடத் தெரியுமா அந்த நாய்க்கு? ஒட்டியிருப்பான். ஒட்டுனவனுக்கு மொதப் பரிசா?" நர்ஸ் ஓடிவந்து முகமூடியை மாட்டினார். அதற்குள்ளேயும் உதடு அசைந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை அடக்கம். ஒரே பனி, குழியைச் சுற்றி நின்றவர்களின் முகமே சரியாகத் தெரியவில்லை. பல்லில்லாமல் கல்யாணம் நடத்திய கினிகத்தேனை முதலாளி முழுப் பல்லோடு வந்து மண் போட்டார். எல்லோரும் கலைந்ததும் மேரி அக்கா எங்களிடம் வந்தார்.

"மூணு ராத்திரியா பக்கத்துலயே இருந்தேன். கடைசியா எம்பேரச் சொல்லுவாருன்னு இருந்தேன்யா. 'கண்ணாடி'ன்னாரு. அந்தப் பையனத் திட்டிக்கிட்டேதான் போனாரு." அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "யாரு அவன்? எந்த ஊரு? என் புருசனோட கடைசி வார்த்தைய வாங்கிட்டுப் போயிட்டானே, பாவி."

  வீட்டுக்கு வந்த பிறகு, "நீ எழுது, என்னால சொல்ல ஏலாது," என்றார் நானா. ஆகவே எழுதுகிறேன்.

அக்கா, அப்படி ஒரு பையன் இல்லை. இரண்டாம் பரிசும் இல்லை, எந்தப் பரிசும் இல்லை. எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அண்ணே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவர்கள் நம் மேசையில் நிற்காமலே போனார்கள். உங்கள் கப்பலை யாரும் படம் எடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. நல்ல வெயில். காலையில் வைத்தது, மண்டபத்தைப் பூட்ட ஆள் வரும்வரை மூக்கைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றது. நான் சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். போய் வாருங்கள்.